நாலாவது ஆல்பத்தை மட்டும் கேட்காதே!

போன ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியில் எங்க வீட்டு ஹாலில் ஒரு ஸ்பெஷல் கிளாஸ் நடந்தது. டீச்சர் — பதினொண்ணாவது படிக்கிற என் மகள் கீர்த்தனா. ஸ்டூடன்ட் — அவளோட கிளாஸ்மேட் ஜான்சி. பாடம் — ஒரு வெளிநாட்டு பாப்-பங்க் பேண்ட்.

அது இன்னான்னு கேக்கறீங்களா, பசங்களா? கிடார் அவசரமா ஓடும். டிரம்ஸ் அதைத் துரத்தும். நடுவுல ஒருத்தர், இந்த ஊரே வேணாம்னு ரொம்ப சந்தோஷமா கத்துவார். நான் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் நாள் முழுக்க மெஷின் சத்தம் கேக்கறவன்... எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியலை. இதைச் சொன்னதுக்கு ரெண்டு வேளை எனக்குப் பேச்சு வார்த்தை கட்!

கீர்த்தனாவுக்கு ஒரு காரியம் ஆகணும். ஸ்கூல் ஆண்டு விழாவில் இந்த பேண்டோட பாட்டு ஒண்ணு வாசிக்கணும். கிடாருக்கு இவ இருக்கா. டிரம்ஸுக்கு? சர்ச்சில் வாசிக்கிற ஜான்சியை விட்டா ஆளே கிடையாது. செவ்வாய்க்கிழமைக்குள்ள பேர் கொடுக்கலேன்னா சான்ஸ் போச்சு.

நாமளா இருந்தா இன்னா செய்வோம்? நல்ல பாட்டா ஒண்ணு போட்டுக் காட்டுவோம். ரசிகர்கள் நம்மளை மாதிரி சாதாரண மனுஷங்களா?

"முதல் ஆல்பம் ரெக்கார்டிங் மட்டமா இருக்கும். அதான் அழகே! மூணு தடவை கேளு. அப்புறம்தான் ரெண்டாவது. மூணாவதுல டிரம்மர் மாறிட்டார், அதை மனசுல வச்சிக்கிட்டு கேக்கணும். நாலாவதை மட்டும் தொடவே தொடாதே. காசுக்காகப் பண்ணது!"

"இன்னாடி, பாட்டை எப்பதான் போடுவ?" என்றாள் ஜான்சி. பாவம்... தட்டுல பஜ்ஜியும் தீர்ந்துபோச்சு.

திங்கட்கிழமை சாயங்காலம் ஜான்சி ஓடி வந்தாள்.

"ஏய், செம்மடி! நான் வாசிக்கிறேன்."

"சொன்னேன்ல! எந்த ஆல்பம்?"

"நாலாவது. அதுல முதல் பாட்டு. அதுன்னா வர்றேன்."

"அதைத்தானேடி கேக்காதேன்னேன்!"

"அதனாலதான் கேட்டேன். மத்ததெல்லாம் நீ சொன்னப்பவே ஹோம்வொர்க் மாதிரி ஆயிடுச்சு."

கீர்த்தனா என்னைப் பார்த்தாள். "அப்பா, நீயே சொல்லுப்பா."

எல்லாம் ஒண்ணுதானேம்மான்னு வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிட்டேன்.

கொள்கையா, மேடையா? ரொம்ப நேரம் யோசிச்சாள்... ஜான்சி செருப்பு மாட்டுற வரைக்கும்.

"இருடி! லைவ்ல வாசிச்சா அந்தப் பாட்டு வேற லெவல்தான்."

மறுநாள் பேர் கொடுத்தாச்சு. இப்ப எங்க வீட்டில் அந்தக் 'காசுக்காகப் பண்ண' ஆல்பம் மட்டும்தான் ஓடுது!

பசங்களா, பிடிச்சதை தோஸ்துக்குக் கொடுங்க. கூடவே பரீட்சையும் வைக்காதீங்க.

அப்புறம்... ஜான்சி சொன்ன காரணத்தை மட்டும் வீட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லிடாதீங்க — நாளைக்கே கணக்குப் புத்தகத்தைத் தொடாதேன்னு ஆரம்பிச்சிடுவோம்!