அம்மாவுக்கு வந்த இரண்டு போன்கள்

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் ஆண்பிள்ளைகள் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மகள் அம்மாவோடு இருந்துகொள்வாள். பழுகாமத்தில் பிறந்த எவரும் இதை ஒரு விசேஷமாகச் சொல்லமாட்டார்கள். அம்மா வருத்தம் வந்து படுக்கையில் விழுந்திருக்காவிட்டால் நானும் சொல்லியிருக்கமாட்டேன். வருத்தம் வந்த பிறகுதான், வீட்டோடு சேர்த்து இன்னும் என்னென்ன என் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று விளங்கியது.

அண்ணன் லண்டனில் இருக்கிறான். தம்பி கட்டாரில். இரண்டு பேருக்கும் அம்மா என்றால் உயிர், அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. அந்த உயிரை அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு போன் அனுப்பினார்கள்.

முதலில் வந்தது தம்பியின் போன். லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து தந்தார். முதுகில் மூன்று கெமரா. அந்தக் கம்பனி அந்த வருடம் விட்டதில் ஆகப் பெரியது அதுதான் என்றான் தம்பி. அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. கொஞ்ச நாளிலேயே போட்டிக் கம்பனியின் ஆகப் பெரிய போன் ஒன்று அவனிடமிருந்து வந்தது. அதற்கு நாலு கெமரா. அம்மா இரண்டையும் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மூண்டு கண், அதுக்கு நாலு கண். எனக்கு இரிக்கிற ரெண்டே சரியாத் தெரியிதில்ல" என்றா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவற்றுக்கு மூண்டு கண்ணன், நாலு கண்ணன் என்றே பெயர்.

அம்மா அப்போது நல்லாக இருந்த காலம். மூண்டு கண்ணன் முகத்தைப் பார்த்துத் திறக்கிற போன். முதலில் முகத்தைப் பதிய வேண்டும். திரையில் ஒரு வட்டம் வரும், அதற்குள் முகத்தை வைத்துத் தலையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினால், வட்டத்தைச் சுற்றிப் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக எரிந்து நிறையும். அம்மா சாமி ஆடுகிற மாதிரித் தலையை ஒரு சுழற்றுச் சுழற்றினா. போன் "மெதுவாக" என்றது. அம்மா சிரித்தா. சிரித்த முகம்தான் பதிந்தது.

நாலு கண்ணனுக்கு விரல் ரேகை வேண்டும். அம்மாவின் விரலில் ரேகை எங்கே இருக்கிறது? மீன் வெட்டியும், சாம்பல் போட்டுச் சட்டி தேய்த்தும், விரல் நுனியெல்லாம் கூழாங்கல் போல ஆகிவிட்டது. பெருவிரல், சுட்டுவிரல், மற்றக் கை என்று எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தோம். கடைசியில் என் விரலைப் பதிந்தேன். இதை அறிந்ததும் தம்பி எங்கள் குடும்பக் குரூப்பில், "பாத்தியா அண்ணன், என்ட போன்தான் அம்மாவக் கண்டுபிடிச்சிரிக்கு" என்று போட்டான். அண்ணன் பட்டரியைப் பற்றி ஒரு நீளமான பதில் போட்டான்.

அப்படித் தொடங்கியது, பிறகு நிற்கவே இல்லை. ஒருவன் நிலாவைப் பக்கத்தில் இழுத்து எடுத்த படம் போடுவான். மற்றவன் தன்னுடையது எவ்வளவு வேகம் என்று வீடியோ போடுவான். உலகத்தில் எது கூடுதலாக விற்கிறது என்பதற்கு இரண்டு பேரிடமும் கணக்கு இருந்தது, இரண்டு கணக்கிலும் அவனவன் போன்தான் முன்னுக்கு. அம்மா சாப்பிட்டாவா என்று இடையில் ஒரு வரி வரும். நான் அந்த வரிக்கு மட்டும் பதில் எழுதுவேன்.

ஒருமுறை இரண்டின் திரைக்கும் கண்ணாடி ஒட்டக் காத்தான்குடிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன், முஸ்லிம் ஆட்களிடம் அது அண்ணன் என்கிற மாதிரி. எது கூட விற்கிறது என்று சும்மா கேட்டேன். "தங்கச்சி, இந்த ரெண்டும் இஞ்ச விக்கிறல்ல. இது பிளேன்ல வந்து இறங்கிற சாமான். எங்கட சனம் கேக்கிறது பட்டரி நிக்கிற போன். நான் அதத்தான் விக்கன்" என்றார். இதைக் குரூப்பில் போடலாமா என்று யோசித்தேன். அதற்கும் இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் போன்களைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மூண்டு கண்ணன் பாரம், அம்மாவின் கையில் நிற்காது. நாலு கண்ணன் அதைவிடப் பாரம். மூண்டு கண்ணன் வெயிலில் சுடும். நாலு கண்ணன், நாங்கள் நல்ல தூக்கத்தில் இருக்கும்போது அப்டேட் கேட்கும். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, அம்மாவுக்குக் கஞ்சி வைத்து, வயல் வட்டையிலிருந்து சேறோடு வருகிற என் மனிசனுக்குச் சோறு போட்டு, பிறகு இரண்டு போனையும் சார்ஜில் போட வேண்டும். ஒன்றை மறந்தால் அன்றைக்கு அந்த மகன் கோபிப்பான். எனக்கு ஒரு பழைய போன் இருந்தது, மூலையில் கீறல் விழுந்தது. அது ஒருநாளும் என்னை ஒன்றும் கேட்டதில்லை.

பிறகு அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு திரிந்தோம். வருத்தம் ஈரலில் என்றார்கள். வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றும் சொன்னார்கள். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிசன், சுற்றி வளைக்கவில்லை. "பிள்ளைகள் வெளியில இருந்தா, ஒருக்கா வந்து பாக்கச் சொல்லுங்க. பிந்த வேணாம்."

அதை அப்படியே அண்ணனுக்கும் தம்பிக்கும் சொன்னேன். பின்னேரமே இரண்டு பேரும் வீடியோவில் வந்தார்கள். வருவதற்கு முன்பு அம்மா என்ன செய்தா என்பதைச் சொல்ல வேண்டும். முகம் கழுவினா. சீப்பால் தலை இழுக்கச் சொன்னா. பவுடர் டின்னை எடுத்து முகத்துக்கு ஒத்தினா, பொட்டு வைத்தா, கோயிலுக்கு உடுக்கிற சேலையை முந்தானை தெரிகிற மாதிரி மேலே போட்டுக்கொண்டா. முதுகுக்கு இரண்டு தலையணை, முகத்துக்கு ஜன்னல் வெளிச்சம். "பாத்தா பயந்திருவானுகள் மகள், அங்க தனியக் கிடக்கிற பிள்ளைகள்" என்றா. மிச்சத்தை நாலு கண்ணன் பார்த்துக்கொண்டது. அந்தப் போனின் முன்பக்கக் கெமராவுக்கு ஒரு பழக்கம், கேட்காமலே முகத்தை வெளுப்பாக்கி வரிகளை இழுத்து மூடிவிடும். மூண்டு கண்ணன் அப்படி மூடாது, ஆனால் மஞ்சள் பாய்ந்த தோலைக்கூட மாலை வெயில் பட்டது போலக் காட்டும்.

"அம்மா சோக்கா இரிக்கிறா. நீ ஏன் எங்களப் பயப்படுத்துறாய்?" என்றான் அண்ணன்.

"டொக்டர்மார் அப்பிடித்தான் அக்கா சொல்லுவாங்க" என்றான் தம்பி. அதன் பிறகு இரண்டு பேரும் யாருடைய போனில் அம்மாவின் நிறம் சரியாக வருகிறது என்று கதைக்கத் தொடங்கினார்கள். நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். அடுப்படியில் நின்று அழுதேன். ஆத்திரமா கவலையா என்று பிரித்துப் பார்க்க எனக்கு அப்போது தெம்பு இல்லை.

அம்மா நித்திரையாக இருந்த ஒரு மத்தியானம், பவுடர் இல்லாத முகத்தை என் பழைய போனில் படம் எடுத்து இரண்டு பேருக்கும் அனுப்பினேன். கன்னம் உள்ளே போய், கண் குழி விழுந்து, உள்ளது உள்ளபடி இருந்தது. இதைப் பார்த்தால் இன்றைக்கே புறப்படுவார்கள் என்று நினைத்தேன். தம்பியின் பதில் முதலில் வந்தது: "உன்ட போன்ட கெமரா சரியில்ல அக்கா, அதான் ஒரு மாதிரித் தெரியிது. என்ட போன்ல எடுத்து அனுப்பு." அண்ணன் அதன் கீழே, "என்ட போன்ல எடு" என்று எழுதினான். அவர்கள் ஒத்துப்போன இடம் அது ஒன்றுதான்.

நான் சொல்வதை விட்டுவிட்டேன். சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் மூண்டு கண்ணன் திறக்காமல் போனது. அம்மா முகத்துக்கு நேரே பிடித்தால் ஒருமுறை அதிரும், பூட்டு அப்படியே இருக்கும், இலக்கம் கேட்கும். முதலில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். வெளிச்சம் போதாது என்று ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். அம்மா நேராக நிமிர்ந்து, பதிந்த அன்றைக்குச் சிரித்த மாதிரியே சிரித்தும் பார்த்தா. அதிர்ந்தது, திறக்கவில்லை. "என்னத் தெரியல்லயாம்" என்றா அம்மா. பகிடியாகத்தான் சொன்னா. நான் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

குரூப்பில் சொன்னேன். அண்ணனுக்குச் சந்தோசம். "நான் அப்பவே சொன்னன், அந்தக் கம்பனிட முக வேலை உதவாது." தம்பிக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அப்டேட் போடச் சொன்னான், போட்டேன். நிறுத்தி எழுப்பச் சொன்னான், செய்தேன். கடைசியில், "சரி, பழைய முகத்த அழிச்சிட்டுப் புதுசாப் பதிவம். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, நான் வீடியோவில நிண்டு சொல்லித் தாறன்" என்றான். பழைய முகத்தை அழி என்று போன் வழியாகக் கேட்பது எனக்கு என்னவோ போல இருந்தது. ஆனால் ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா வழக்கம்போல ஆயத்தமானா. பவுடர் டின்னைக் கவிழ்த்துத் தட்டித் தட்டி எடுத்தா. நாலு கண்ணனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தினேன், அதில் தம்பி. மூண்டு கண்ணனை அம்மாவின் முகத்துக்கு நேரே நான் பிடித்துக்கொண்டேன். அண்ணனின் போன் பார்த்துக்கொண்டிருக்க, தம்பியின் போனுக்கு முகம் பதிகிறோம்.

திரையில் வட்டம் வந்தது.

"அம்மா, தலைய மெதுவாக் கிறுக்கித் திருப்புங்க. வலப் பக்கம்" என்றான் தம்பி.

அம்மா வலப் பக்கம் திருப்பினா. நாலைந்து பச்சைக் கோடுகள் எரிந்தன. அதோடு கழுத்து நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்சம். இப்ப மேல பாருங்க அம்மா."

அம்மா நாடியை உயர்த்தினா. வழக்கமாக வீடியோவில் அம்மா அசையமாட்டா. தலையணையில் சாய்ந்தபடி நேரே பார்த்துக்கொண்டு மகனுக்கு ஓம் மனே, ஓம் மனே என்று சொல்லிக்கொண்டு இருப்பா. அவன் ஒருநாளும் அவவை மேலே பார்க்கச் சொன்னதில்லை. பவுடர் நாடியோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே மஞ்சள் தோல், இரண்டு நரம்பு, எலும்பு. முந்தானை தோளிலிருந்து வழுகியது, அம்மா அதைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனா, கை பாதி வழியில் விழுந்தது. தலை பின்னால் சாய்ந்து, நான் மற்றக் கையால் தாங்கிக்கொண்டேன்.

"முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள்" என்றது போன்.

அம்மா வைத்தா. திரும்பவும் தலையைத் தூக்கினா. மூச்சு வாங்கியது. வட்டத்தில் கால்வாசி பச்சை, மிச்சம் வெறுமை. மகன் சொன்ன வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று அவவுக்கு ஒரே பிடிவாதம். "பொறு மனே, செய்றன். இன்னொருக்கா" என்றா. இடப் பக்கம் திருப்பப் பார்த்தா, முடியவில்லை. என் உள்ளங்கையில் அந்தத் தலை ஒரு பாரமும் இல்லாமல் இருந்தது.

நெட் நின்றுவிட்டதாக்கும் என்று தம்பி இருந்த போனைத் திரும்பிப் பார்த்தேன். நிற்கவில்லை. அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தான்.

"அக்கா, விடு" என்றான். "பதியாத. விடு." அழைப்பு நின்றது.

நான் அம்மாவைச் சாய்த்துப் படுக்க வைத்தேன். முந்தானையைச் சரி செய்தேன். அதற்குள் குரூப்பில் அண்ணன் கேட்டிருந்தான்: "என்ன, பதிஞ்சிதா? இல்லாட்டி அதத் தூக்கிப் போட்டிட்டு என்ட போனப் பாவியுங்க." அதன் கீழே தம்பியின் குரல் பதிவு ஒன்று வந்தது. அழுத குரல், வழக்கமான அவனுடைய துள்ளல் ஒன்றும் இல்லை. "போன்ல ஒரு பிழையும் இல்ல அண்ணன். நான் டிக்கட் போடுறன். நீயும் போடு."

எத்தனையோ தரம் நான் சொன்னதை ஒரு வட்டம் அவனுக்குச் சொல்லிவிட்டது. அதில் எனக்கு ஆறுதலும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. எரிச்சல்தான் கூடுதல் என்று சொன்னால் என்னைத் தப்பாக நினைக்கவேண்டாம். நான் களைத்துப்போயிருந்தேன்.

அம்மா கண்ணை மூடியபடி கேட்டா. "ஏன் மகள் அவன் நிப்பாட்டிட்டான்? நான் வடிவா இல்லையா?"

"வடிவாத்தான் அம்மா இருந்தீங்க. நேர பாக்க வாறானாம்."

அம்மா கண்ணைத் திறந்தா. நெடுநாளைக்குப் பிறகு அந்தக் கண்ணில் ஒரு அவசரத்தைக் கண்டேன். "வாறானா? அப்ப பவுடர் முடிஞ்சி போச்சு. அவன் வாறத்துக்கு முன்னம் ஒரு டின் வாங்கி வை."

ஓம் என்றேன்.

நான் வாங்கவில்லை.