மூச்சு விட முடிகிறதா, சார்?

தினமும் நாற்பது வீடுகளுக்குப் போன் போட்டு "மூச்சு விட முடிகிறதா?" என்று கேட்பதெல்லாம் ஒரு வேலையா என்று சிரிப்பவர்கள், அதை ஒரு வாரம் செய்து பார்க்க வேண்டும். கொரோனா இரண்டாவது அலையில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, பெங்களூரு ஆசிரியர்கள் பலரை வார்டு அலுவலகத்தில் உட்கார வைத்தார்கள். நான் கணக்கு டீச்சர். தமிழ் தெரியும் என்பதால், விவேக் நகரிலிருந்து பொம்மசந்திரா வரை எங்கெங்கோ தொற்று வந்து அடைபட்டிருந்த தமிழ் வீடுகளெல்லாம் என் பட்டியலுக்கு வந்து சேர்ந்தன. நீங்களும் அப்படி ஒரு நாற்காலியில் மாட்டியவராக இருந்தால், சாயங்காலம் காது எப்படிச் சுடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாலு கேள்வி

காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, மூச்சுத் திணறல் உண்டா, வெளியே போனீர்களா. கேட்க வேண்டியது இவ்வளவுதான். பதிலுக்கு நேரே ஒரு டிக் போட வேண்டும். முதல் மூன்றுக்கும் ஜனங்கள் ஒழுங்காகப் பதில் சொல்வார்கள். நாலாவது வந்ததும் குரல் இறங்கிவிடும்.

விவேக் நகரில் பிலோமினா என்று ஒரு அம்மா. தொற்று வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. வாசல் வரை, தெருமுனை வரை என்று இழுத்து இழுத்து, கடைசியில் மாதா கோயில் கேட் வரை போய் வந்ததை ஒப்புக்கொண்டார். கோயிலே பூட்டிக் கிடக்கிறதே, அங்கே என்ன வேலை என்று கோபமாகவே கேட்டேன். "மணி அடிச்சா கால் தானா கெளம்பிடுது மிஸ். நாளைலருந்து என்னைக் கேக்காதீங்க, காலைக் கேளுங்க" என்றார்.

இரட்டிப்புக் கணக்கு

இது என் தப்பு. மூடி மறைக்கப் போவதில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் செய்துகொண்டிருந்த மல்லிகாவுக்கும் அவள் கணவனுக்கும் தொற்று. ஒரு நாள் அவள், "இத்தனை லட்சம் பேரு சாவாங்கன்னு டிவில சொல்றாங்களே, நடக்காததுக்கு எப்பிடி மிஸ் முன்னாடியே கணக்கு போடுறாங்க?" என்று கேட்டாள். அருமையான கேள்வி. வகுப்பில் இப்படிக் கேட்க ஆள் கிடைக்காமல் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன்! சாக்பீஸ் இல்லாத குறைதான். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும், பத்தாவது தடவை ஆயிரத்தைத் தாண்டிவிடும் என்று அவளையே வாய்விட்டுப் பெருக்க வைத்தேன். அவள் "அய்யோ" என்றதைப் பாடம் ஏறிவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு பெருமையோடு போனை வைத்தேன்.

மறுநாள் போன் போட்டால் பின்னால் லாரி ஹார்ன் சத்தம். ஒரு தக்காளி வண்டியில் ஏறி இரண்டு பேரும் திருப்பத்தூர் பக்கம் சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டிலேயே இருக்க வேண்டியவர்களை ரோட்டுக்குத் துரத்தியது நான்தான். அவர்கள் குணமாகிவிட்டார்கள் என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்று வண்டியிலிருந்து பேசிய மல்லிகா மட்டும் என்னை ஒன்றும் குறை சொல்லவில்லை. "கணக்கு நல்லா புரிஞ்சுது மிஸ். அதான் கெளம்பிட்டோம்" என்றாள்.

எதிர்க்கட்சி

மல்லிகா விவகாரம் மேலே போய், அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "நாலு கேள்வி, நாலு டிக். பாடம் பேடா மேடம்" என்று பாதிக் கன்னடத்தில், பாடம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். நானும் வாயைக் கட்டிக்கொண்டேன். அதைத் திறக்க வைத்தவர் தேவராஜ்.

பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஐம்பது வயதிருக்கும். மாடியில் ஒற்றை அறை. மனைவியும் மகளும் கிருஷ்ணகிரியில். பக்கத்து ஊர் மாதிரிதான், ஆனால் அப்போது யாரும் யாரிடமும் போக முடியாது. அந்தத் தனிமைக்கெல்லாம் சேர்த்து என்னிடம் சண்டை பிடிப்பார். "சாவுக்குக் கணக்கு போட்டாங்களே, பட்டினிக்கு எவனாச்சும் போட்டானா? என் லைன்ல பாதிப் பேரு கான்ட்ராக்ட் ஆளுங்க மேடம்" என்பார். நியாயமான கேள்விதான் சார் என்றேன்.

ஆனால் போன வருஷம் பயமுறுத்திய அளவுக்குச் சாவு இல்லையே என்று அவர் சொன்னபோது விடவில்லை. எல்லாரும் வீட்டில் அடங்கி இருந்ததால்தானே குறைந்தது என்றேன். ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தார்: "செத்தா நீங்க சொன்னது சரி, சாகலேன்னா வீட்டுல இருந்ததால சாகல. எப்பிடிப் போனாலும் நீங்களே ஜெயிக்கிற ஆட்டம் என்னா ஆட்டம் மேடம்?"

சண்டை இல்லாத நாள்

தொற்று வந்த ஏழாவது நாள் தேவராஜ் நாலு கேள்விக்கும் "இல்ல" என்றார். அவ்வளவுதான். நாலு டிக் போட்டேன். அடுத்த நம்பரை அழுத்தப் போன விரல் நின்றுவிட்டது. இந்த மனுஷன் இன்றைக்கு ஏன் சண்டை போடவில்லை?

திரும்பவும் கூப்பிட்டேன். வேண்டுமென்றே, "சார், இன்னும் நிறையப் பேர் சாவாங்கன்னு இன்னிக்கும் டிவில ஒருத்தர் சொல்றாரே" என்று சீண்டினேன். "அவனுங்க... எப்பவும்..." என்று தொடங்கியவரால் முடிக்க முடியவில்லை. ஒரே மூச்சில் இருபது வரை எண்ணச் சொன்னேன். எட்டில் நின்றுவிட்டார். அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்றார். போனவர்கள் உயிரோடு வருவதில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்ட செய்திகளின் பயம் அவருக்கு. என் வாயிலிருந்து நான் சொல்லக் கூடாதது வந்தது: "இப்பிடியே இருந்தீங்கன்னா ரெண்டு நாள் தாங்க மாட்டீங்க சார்." நான் டாக்டர் இல்லை. மல்லிகாவைத் துரத்திய அதே வாய்தான் இது என்பதும் தெரியும். உங்கள் மகள் உங்களைப் பற்றிக் கேட்டால் நான் என்ன சொல்வது என்று கெஞ்சினேன்.

போனில் அவர் மூச்சு இரைப்பது கேட்டது. பிறகு, "கதவு... தொறந்துதான் இருக்கு. வரச் சொல்லுங்க" என்றார்.

தப்பான விடை

ஆம்புலன்ஸ் ஏறினார் என்பது வரை தெரியும். பிறகு போன் அணைந்து கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் பெயர் பட்டியலில் இருக்காது. நான் மட்டும் தினமும் நாற்பது பேரை முடித்துவிட்டு, நாற்பத்தொன்றாவதாக அந்த நம்பரைப் போட்டுப் பார்ப்பேன். அணைத்துவைக்கப்பட்டுள்ளது என்று அந்தப் பெண்ணின் குரல் மூன்று மொழியில் சொல்லும். மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன். அவர் மனைவியின் நம்பர் படிவத்தில் இருந்தது. கூப்பிடத் தைரியம் வரவில்லை.

அவர் ஆம்புலன்ஸ் ஏறிய பன்னிரண்டாம் நாள் அந்த நம்பரே என்னைக் கூப்பிட்டது. ஹலோ சொல்லக்கூட இடம் கொடுக்கவில்லை. "ரெண்டு நாள்ல போயிருவேன்னீங்க, பன்னெண்டாவது நாள் நான் ஆஸ்பத்திரில உக்காந்து டீ குடிச்சிக்கிட்டு இருக்கேன், உங்க கணக்கும் தப்பாயிடுச்சு, சும்மா பயமுறுத்துறதே உங்க எல்லாருக்கும் பொழப்பாப் போச்சு, இப்பவாச்சும் ஒத்துக்குங்க மேடம்!"

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். இருபத்திரண்டு வருஷக் கணக்கு டீச்சர் நான், என் விடை தப்பு என்று அழுதுகொண்டே சந்தோஷமாக ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான்.