ஒரு சொம்புத் தண்ணீரும் கரிசலாங்கண்ணி எண்ணெயும்

காலை மணி ஐந்து நாற்பது. வாசற்கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது, தெருவோரம் எனக்கு முதுகைக் காட்டி நின்ற ஒருத்தியின் முடியில்லாத தலையை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. திருவனந்தபுரம் கோட்டைக்குள் எங்கள் அக்கிரகாரம். எனக்கு இருபத்தெட்டு வயது. ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நிருபராக இருந்தேன். கழக்கூட்டத்துக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத் திறப்பு விழா; ஆறேகால் மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

இருட்டு முழுதும் விலகவில்லை. அடுத்த தெருவிலிருந்த ஒரு கைம்பெண் தினமும் அந்த நேரத்துக்குத்தான் கோயிலுக்குப் போவார். அவர் என்றே நினைத்தேன். தலை மழித்த கைம்பெண் எதிர்ப்பட்டால் போகிற காரியம் கெடும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நம்பினார்கள். அதற்குப் பரிகாரமும் வைத்திருந்தார்கள். உள்ளே திரும்பி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினால் போதும். கைம்பெண்களின் நிலை பற்றி நடந்த ஒரு கூட்டத்தை முந்தின வாரம்தான் முக்கால் பத்தி எழுதி அனுப்பியிருந்தேன். ஆனாலும் கால் தானாகத் திரும்பியது. கதவைச் சாத்தினேன். மணையில் உட்கார்ந்து சொம்பை எடுத்தேன்.

பாதி குடித்திருப்பேன். கதவு திறந்தது. கோலமாவுக் கொட்டாங்கச்சியைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவி உள்ளே வந்தாள்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் டைபாய்டு வந்து இருபத்தாறு நாள் படுத்திருந்தாள். உயிர் பிழைத்தாள், தலைமுடி பிழைக்கவில்லை. தலையணையில் கொத்துக் கொத்தாக வந்தது. மீதி சடைபிடித்துப் போனதால் டாக்டர் ஒட்ட வெட்டிவிடச் சொன்னார்; வெட்டியதும் உதிர்ந்தது. அன்றிலிருந்து அவள் வாசல் பக்கம் வரவில்லை. வீட்டுக்குள்ளும் முந்தானையைத் தலையிலிருந்து எடுக்கமாட்டாள். என்னிடம்கூடக் காட்டியதில்லை. எங்கள் வாசலில் எதிர் வீட்டு மாமிதான் கோலம் போட்டுவந்தாள். அது இவளுக்குப் பெரிய குறை. நான் இன்னும் பின்கட்டில் குளித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து, விடிவதற்குள் தானே போட்டுவிடலாம் என்று அன்றுதான் முதல் முறையாக வெளியே போயிருக்கிறாள். குனிந்து போட்டதில் முந்தானை நழுவியிருக்கிறது.

கதவுத் தாழ்ப்பாள் ஏற்கெனவே எடுத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. கவனிப்பது என் தொழில்.

அவள் என்னைப் பார்த்தாள். சொம்பைப் பார்த்தாள். அதே தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

"நான்தான்னா. கோலம் போடலாம்னு போனேன்" என்றாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பிறகு, "இன்னும் சித்த உக்காந்துட்டே போங்கோ" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

குரலில் கோபம் இல்லை. என் காரியம் கெட்டுவிடக்கூடாது என்று அவள் நிஜமாகவே நினைத்தாள்.

 பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதைச் சாக்காக வைத்துக்கொண்டு கிளம்பினேன். வாசலில் சின்னதாக ஐந்து புள்ளிக் கோலம். இரண்டு இடத்தில் கோடு விலகியிருந்தது.

விழா நன்றாகவே நடந்தது. திரும்பும்போது நாலு மணிக்குச் சாலைக் கடைத்தெருவில் இறங்கினேன். பச்சிலை விற்கிற ஒரு மலையாளத்து அம்மாள் மூங்கில் தட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். முன்பின் தெரியாதவள். முடி வளர என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் என் தலையை ஏற இறங்கப் பார்த்தாள். எனக்கில்லை, மனைவிக்கு என்றேன்.

"ஜுரம் வந்நு போன முடியா, சாமி? அது தன்னால வரும். எண்ணெ ஒரு துணைக்கு, அத்ர தான்" என்றாள். விற்க உட்கார்ந்திருந்தவள் இப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் என்ன எண்ணெய் என்று விசாரித்தாள். நல்லெண்ணெய் என்றதும் பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். தமிழ்ச் சீமையை அவர்கள் பாண்டி என்பார்கள். "பாண்டியிலேந்து வந்நு எத்ர தலைமுறை ஆச்சு? இங்கத்தெ குளத்துல குளிச்சிட்டு இன்னும் அங்கத்தெ எண்ணெயா?"

கரிசலாங்கண்ணி, செம்பருத்தி இலை, கீழாநெல்லி மூன்றையும் கட்டிக் கொடுத்தாள். அவர்கள் கரிசலாங்கண்ணியைக் கய்யோன்னி என்பார்கள். அரைத்துச் சாறு பிழிந்து, தேங்காயெண்ணெயில் விட்டுச் சிறு தீயில் காய்ச்ச வேண்டும். அடியில் தங்கும் வண்டலை விரலில் உருட்டினால் மெழுகு மாதிரி திரள வேண்டும். திரியில் நனைத்துக் கொளுத்தினால் படபடவென்று சத்தம் வரக்கூடாது; வந்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது. எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன். யார் தேய்த்துவிடுவார்கள் என்று கடைசியாகக் கேட்டாள். அவளேதான் என்றேன்.

"ஜுரத்துல கிடந்த கையா? சாமிக்குக் கை இல்லே?" என்றாள்.

மறுநாள் காலை நானே அடுப்பில் வைத்தேன். மெழுகுப் பதம் வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்ததில் பதம் தாண்டிப்போய்விட்டது. வண்டல் மணல் மாதிரி நெறுநெறுத்தது. வீடு முழுக்கப் புகை. முந்தின காலையிலிருந்து சாப்பிட வாருங்கள் என்பதற்கு மேல் பேசாதவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னத்தைக் கருக்கிண்டிருக்கேள்?"

நோட்டுப் புத்தகத்தைக் காட்டினேன். படித்தாள். வாணலியை இறக்கிவைத்துவிட்டு, "எழுதினா போறுமா, எறக்கத் தெரிய வேண்டாமா?" என்றாள். மிச்சமிருந்த இலையை அவளே அரைத்தாள். இரண்டாவது எண்ணெய் பச்சையாகத் தெளிந்து வந்தது. திரியைக் கொளுத்தினோம், சத்தமில்லாமல் எரிந்தது.

அன்று வெள்ளிக்கிழமை, பெண்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்கிற நாள். தானே தேய்த்துக்கொள்வதாகச் சொன்னாள். பின்பக்கம் எப்படிக் கண்ணுக்குத் தெரியும் என்று கேட்டேன். எண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முந்தானையை எடுத்தாள்.

அந்தத் தலையை வெளிச்சத்தில் அப்போதுதான் பார்த்தேன். இரண்டு பக்கமும் வழுவழுவென்று இருந்தது. உச்சியில் அங்கங்கே நூல் மாதிரி சில இழைகள். வலது காதுக்குப் பின்னால் ஒரு சின்ன மச்சம். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் எனக்குத் தெரியாத மச்சம். எண்ணெயைத் தொட்டு விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்தேன். முதலில் தோளை இறுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் தளர்ந்தாள்.

"அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"எண்ணெ கண்ணுல வழியறது. தொடைங்கோ" என்றாள்.

துடைத்தேன். வழிந்தது எண்ணெய் மட்டும் இல்லை. அதற்குமேல் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவிடவில்லை, நானும் எடுக்கவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் தேய்த்துவிட்டேன். ஐந்தாவது வாரம் பிடரிக்கு மேலே விரலில் ஏதோ குத்தியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன்.

"பிசுக்கா இருக்கும்" என்றாள்.

"பிசுக்கு குத்தாது."

விரலை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எண்ணெயால்தான் வளர்ந்தது என்று எழுத எனக்குத் துணிவில்லை. தன்னால் வரும் என்று அந்த அம்மாளே சொன்னாள். எனக்குத் தெரிந்தது வேறு ஒன்று. அன்று நின்றது அடுத்த தெருக்காரராகவே இருந்திருந்தால், நான் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு மறந்திருப்பேன். எத்தனை காலைகளில் அப்படிக் குடித்திருக்கிறேன் என்று கணக்கில்லை. சாத்திய கதவைத் தெருவில் நின்று அவர் எத்தனை முறை பார்த்தாரோ, தெரியாது. அதற்குப் பிறகு யாரைக் கண்டும் நான் வாசலிலிருந்து திரும்பியதில்லை.

ஆறாவது மாதம் கொல்லத்துக்குப் போக வேண்டியிருந்தது. காலை எட்டு மணி. தெருவில் நல்ல வெயில், ஆள் நடமாட்டம். சுமங்கலி குடத்தோடு எதிரே வந்தால் போகிற காரியம் நடக்கும் என்பதும் எங்கள் தெரு நம்பிக்கைதான்; அவளை எதிரே வரச் சொன்னேன்.

"நன்னா இருக்கே. இந்தத் தலையோடயா?"

"அதோடதான்."

விரற்கடை நீளத்துக்கு வளர்ந்திருந்தது. பூ நிற்கவில்லை, காதோரம் செருகிக்கொண்டாள். முந்தானையை இடுப்பில் செருகி, நிறைகுடத்தை எடுத்துக்கொண்டு, தெருவில் நாலு வீடு தள்ளிப் போய்த் திரும்பி என் எதிரே நடந்து வந்தாள். அவ்வளவு மெதுவாக அவள் நடந்து நான் பார்த்ததில்லை. எதிர் வீட்டு மாமி வாசலுக்கு வந்து நின்று பார்த்தாள்.

தம்பானூர் ஸ்டேஷனுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கொல்லம் வண்டி போய்விட்டிருந்தது. வீட்டுக்குத் திரும்பினேன். மணி ஒன்பதேகால். அவள் இன்னும் வாசலில், இடுப்பில் குடத்தோடு மாமியிடம் பேசிக்கொண்டு நின்றிருந்தாள்.