ரப்பர் பாலுக்கு அடியில் இருந்த எண்

வரக்காப்பொலயிலிருந்து ஸ்டெல்லா அக்காவின் மகன் போன் செய்தபோது நான் எங்கள் ரப்பர் தோட்டத்துப் புகைக்கூட வாசலில் நின்றிருந்தேன். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றான். இனி ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பார்த்து "நீ யாரு, எங்கயிருந்து வந்தே?" என்று கேட்க ஆளில்லை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணவர் இறந்தபின் அவருடைய மோட்டார் சைக்கிள் சாமான் கடையைத் தனியாக நடத்தியவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அடக்கம் என்பது சுத்தமாக வராது. "என் கண்ண ஏமாத்துற வண்டிய இன்னும் எவனும் செய்யல" என்று தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிப் பெருமையடிப்பார். ஒருமுறை ஒருவர், தாத்தா காலத்து வண்டி என்று ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அக்கா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "முன்பாதி தாத்தா, பின்பாதி பேரன்" என்றார். கொண்டுவந்தவரே சிரித்துவிட்டார்.

எங்கள் வண்டியைப் பார்க்க அவர் வந்தது போன மழைக்காலத்தில். என் அப்பா மாரிமுத்து, தோட்டத்து ரப்பர் பெக்டரியில் மெஷின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தவர். வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போகும்போது அவருக்குப் பரிசாகக் கொடுத்த வண்டி அது என்றுதான் நாங்கள் சொல்வோம். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும், கூரைத் தகரத்துக்கு அடிக்கும் சில்வர் பெயிண்டை அதற்கும் ஒரு பூச்சு அடித்து, சந்தனமும் குங்குமமும் வைப்போம்.

தோட்டத்தை நடத்தும் இப்போதைய துரை பழைய பங்களாவை ஹோட்டலாக்கிக்கொண்டிருந்தார். துரையின் வண்டி என்றால் அது தோட்டத்துச் சொத்து, வாசலில் காட்சிக்கு வைக்கலாம் என்று மரியாதையாகவே சொன்னார். பரிசு என்பதற்கு எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. அப்பாவின் ஞாபகமாக மிஞ்சியிருந்த ஒரே பொருளும் போகப் போகிறதே என்று தவித்துப் போய் அக்காவை அழைத்தேன்.

மண்ணெண்ணெயும் பழந்துணியுமாக வந்தார். அவசரப்பட்ட என்னை, "பொட்டக் இன்ன, பொட்டக் இன்ன" என்று, கொஞ்சம் பொறுக்கச் சொல்லிச் சிங்களத்தில் அடக்கிவிட்டு, பூச்சுப் பூச்சாகச் சுரண்டினார். இன்ஜின் எண் இருக்கவேண்டிய இடத்தில், பெயிண்டுக்கு அடியில் ஒரு பழுப்புத் தோல் தெரிந்தது. நகத்தால் நெம்பினார். முழுசாக உரிந்து வந்தது. காய்ந்த ரப்பர் பால். அதற்கடியில் எண்கள் நேற்றுப் பொறித்தவை போல இருந்தன. வண்டியின் இரும்புச் சட்டத்திலிருந்த எண்ணின் மேலும் அதேபோல் ஒரு தோல்.

இன்ஜின் இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. சட்டமோ அந்தப் போரில் பட்டாளத்துக்குச் செய்த வண்டியினுடையது. இரண்டையும் இணைத்த தகடு கையால் அறுத்தது. பெட்ரோல் டாங்கிக்கு அடியில் மடித்து வைத்திருந்த ரப்பர் ஷீட்டில் எங்கள் தோட்டத்தில் ஷீட் அழுத்தும் ரோலரின் குறி. அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, இது எந்தத் தொரையோட வண்டியும் இல்ல. ரெண்டு செத்த வண்டிய வச்சி உங்கப்பா ஒன்னு செஞ்சிருக்காரு. இது உங்க பெக்டரியில பொறந்தது" என்றார். பிறகு மெதுவாக, "நம்பர அழிக்கணும்னா அரத்தால ராவியிருப்பாரு. அழிக்க மனசு வரல. பத்திரமா மூடி வச்சிருக்காரு."

உள்ளேயிருந்து என் அம்மா வந்தார். "ஆமா, பழைய இரும்புக் கடையில வாங்கின சாமான்தான். தோட்டத்து லயத்துல குடியிருக்கிற தொழிலாளி மோட்டார் சைக்கிள் வச்சிருந்தா எங்க களவெடுத்தேன்னுதான் கேப்பாங்க. தொரை குடுத்தாருன்னா கேக்க மாட்டாங்க. நம்பரு காட்டிக் குடுத்துரும்னு மூடினாரு. என்னையும் வாயத் தொறக்காதேன்னாரு" என்று அழுதார்.

இப்போதைய துரை வந்தார். அக்கா ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டினார். அந்தத் தகட்டை வெகுநேரம் தடவிப் பார்த்த துரை, வண்டி எங்களிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வண்டியில் எத்தனையோ வருடம் ஓடித் திரிந்தவன் நான். அதைச் செய்த மனிதரை எனக்குக் காட்டியவர் ஸ்டெல்லா அக்கா.

அக்காவின் நல்லடக்கத்துக்கு அந்த வண்டியில்தான் போனேன். கல்லறைத் தோட்ட வாசலில் ஒருவர், "எந்தத் தொரையோட வண்டிங்க?" என்று கேட்டார்.

"எங்கப்பா செஞ்சதுங்க. ஸ்டெல்லா அக்கா பார்த்துச் சொன்னாங்க" என்றேன். "அப்ப சரிதான்" என்று அவர் குனிந்து எண்ணைப் பார்த்தார்.

அக்கா, இந்த ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் மட்டும்தான். பெயிண்ட் அடிக்கப் போவதில்லை. எண் தெரியட்டும். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.