வழக்கில் நின்ற பாலம்

2003 வாக்கில் ஓர் ஐப்பசி மாதம். நான் வக்கீலாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வருசநாட்டுப் பக்கம், ஆற்றின் குறுக்கே பாதி கட்டி நின்றுபோயிருந்த ஒரு பாலத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும்படி கோர்ட் என்னை அனுப்பியது.

நடுத்தூண் சாய்ந்திருக்கிறது, பாலத்தையே இடிக்க வேண்டும் என்றது அரசுத் துறை. இடிக்கக் கூடாது என்று தடை கேட்டு வழக்குப் போட்டிருந்தார், அதைக் கட்டிய காண்ட்ராக்டர். அவரும் துறையின் இன்ஜினியரும் முகம் கொடுத்துப் பேசிப் பல காலம் ஆகியிருந்தது. அன்றும், "அவர்கிட்டக் கேளுங்க மேடம்" என்று என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

மதிய வெயிலில் மணல் மினுமினுத்தது. கணுக்கால் அளவுதான் தண்ணீர். சுற்றிலும் மலைகள், உச்சியில் மட்டும் கருமேகம். இரண்டு கரையையும் தொடாமல், யாரோ வைத்துவிட்டு மறந்துபோன மேசை மாதிரி பாலம் நடு ஆற்றில் நின்றது. காண்ட்ராக்டரும் நானும் மூங்கில் ஏணி வழியாக மேலே ஏறினோம். இன்ஜினியர் கீழே தூணை அளந்துகொண்டிருந்தார்.

திடீரென்று கொக்குகள் எல்லாம் ஒன்றாக எழுந்து பறந்தன. பிறகு ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த ஒரு வாசனை. அதற்கப்புறம்தான் சத்தம் கேட்டது.

"சார், மேல வாங்க! மலைத்தண்ணி வருது!" என்று காண்ட்ராக்டர் கத்தினார்.

இன்ஜினியர் கடைசிப் படிக்கு வருவதற்குள் வெள்ளம் ஏணியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தளத்தின் விளிம்பில் நீட்டியிருந்த கம்பியைப் பிடித்துத் தொங்கினார். காண்ட்ராக்டர் குப்புறப் படுத்துக் கையை நீட்ட, அவர் சரிந்துவிடாமல் கால்களை நான் அமுக்கிக்கொண்டேன்.

"கம்பிய விடுங்க சார். என் கையப் பிடிங்க."

அவர் விடவில்லை.

"என்னைய நம்புங்க சார்!"

கண்ணை மூடிக்கொண்டு கம்பியை விட்டார். இழுத்துப் போட்டோம்.

அதன் பிறகு நடந்தது இன்றும் கனவு மாதிரிதான் இருக்கிறது. வெயிலோடு மெல்லிய மழை. கீழே ஒரு முருங்கை மரம் பூவோடு மிதந்து போனது. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஆறு அசையாமல் நிற்க, எங்களைச் சுமந்துகொண்டு பாலம்தான் மலையை நோக்கிப் போவதாகத் தோன்றியது. பயம்கூட எங்கோ தள்ளி நின்றது.

இன்ஜினியர் உள்ளங்கையைத் தளத்தில் பதித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"ஆடுதா சார்?" என்றார் காண்ட்ராக்டர்.

"ஆடல." கையை எடுக்காமலே, "ஆனா தூண் சாஞ்சுதான்யா இருக்கு" என்றார்.

"இருக்கு சார். இங்கன வந்து நேர்ல சொல்லிருந்தா அன்னைக்கே சரி பண்ணிருப்பேன். உங்க ஆபீஸ்ல நோட்டீஸ்லதான சொன்னாக."

குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த இன்ஜினியர்மேல் காண்ட்ராக்டர் தன் துண்டைப் போர்த்திவிட்டார்.

பொழுது சாயும்போது வெள்ளம் வடிந்தது. ஊர்க்காரர்கள் கயிறு போட்டு எங்களை இறக்கினார்கள்.

தூண் சாய்ந்திருப்பதையும், வெள்ளத்தில் பாலம் நின்றதையும் அறிக்கையில் அப்படியே எழுதினேன். சில மாதங்களில் இருவரும் சமரசத்துக்கு வந்தார்கள். இன்ஜினியரின் மேற்பார்வையில் காண்ட்ராக்டரே அந்தத் தூணைப் பலப்படுத்தி, பாலத்தைக் கரை சேர்த்தார். இன்று அதன்மேல் பஸ் போகிறது.

என்னிடம் வழக்கோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எதிராளியிடம் கடைசியாக நேரில் பேசியது எப்போது என்றுதான். பாதிப் பேருக்கு அது நினைவிலேயே இருப்பதில்லை.