சிவக்கக் காய்ச்சிய குழாய்

யுத்தம் முடிந்து ராணுவத்தார் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை என் தம்பி ஏலத்தில் எடுத்திருந்தான். துறைமுகத்திலிருந்து கப்பல் காகிதங்களைக் கொண்டுவர, சொந்த வண்டி வைத்திருக்கும் ஆள் ஒருவன் எண்ணூர் ஆலைக்குத் தேவைப்பட்டான். திங்கட்கிழமை காலைச் சங்கு ஊதுவதற்குள் வண்டியோடு வரச் சொன்னார்கள். தம்பி வெகுநாளாக வேலையில்லாமல் இருந்தவன். சனிக்கிழமை ராயபுரத்தில் ஒரு மாட்டு வண்டியின் பின்புறம் மோதினான். அவனுக்குச் சிராய்ப்புதான். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களில் ஒன்று வளைந்துவிட்டது.

மவுண்ட் ரோட்டு மெக்கானிக்குகள் ஞாயிறன்று கடை திறப்பதில்லை. அடுத்த வீட்டு பாய் துறைமுகத்தில் நீராவிக் குழாய் ஃபிட்டர். இரும்புச் சாமான் எது கெட்டாலும் எங்கள் தெருவில் அவரிடம்தான் போவோம்.

"இன்னா நைனா, கொயாதானே? கப்பல்ல இத்தவிட பெரிசெல்லாம் கோணிக்கினு வரும்" என்றார்.

நாங்கள் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வருவதற்குள் அவர் ஃபோர்க்கைக் கழற்றியிருந்தார். கறுத்த எண்ணெய் ஒரு தகரத்திலும், நீளமான ஸ்பிரிங் சாக்கின் மேலும் இருந்தன. காலிக் குழாயில் காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரு முனைகளையும் மரக்கட்டையால் அடைத்தார். கப்பல் குழாய் நசுங்காமல் நிமிர இப்படித்தான் செய்வார்கள். பிறகு அதைக் கரி உலையில் வைத்தார்.

"பாத்து பாய். என் சோறு இதுலதான் கீது" என்றான் தம்பி.

"வேல கெடச்சா எனுக்கு இன்னா தருவே, அத்த சொல்லு மொதல்ல."

குழாய் செக்கச்செவேலென்று ஆனது. இவ்வளவு சூடு ஆகுமா என்று கேட்டேன்.

"நீ பேப்பர்காரன். போயி பேப்பர் எய்து" என்றார்.

பத்திரிகையில் எழுதுகிற எனக்கு இரும்பு தெரியாது. உலையை விட்டு விலகி நின்றேன்.

தட்டி நிமிர்த்தி, ஆறவிட்டு, நூல் பிடித்துப் பார்த்தார். நேராக இருந்தது. பழைய பெல்ட்டை வெட்டி எண்ணெய் கசியாமலிருக்க வாஷர் போட்டார். எல்லாவற்றையும் மாட்டியதும் தம்பி ஹாண்டிலை அழுத்தினான். முன்பக்கம் மெத்தென்று இறங்கி ஏறியது. அவன் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

திங்கள் காலை நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். திருவொற்றியூர் தாண்டி, சாலைக்குக் குறுக்கே போகும் ஆலைத் தண்டவாளத்தில் சக்கரம் ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. காய்ச்சிய இடத்திலேயே குழாய் மடங்கிச் சக்கரம் எஞ்சினில் போய் முட்டியது. தள்ளிப் பார்த்தோம், நகரவில்லை. எண்ணூர்ப் பக்கம் சங்கு ஊதியது. வண்டியில்லாமல் நடந்துபோய் நிற்பதில் அர்த்தமில்லை. தம்பி தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். சிவக்கக் காய்ச்சினால் ஃபோர்க் குழாயின் உரம் போய்விடும் என்று மவுண்ட் ரோட்டுக்காரர் ஒருவர் பிற்பாடு சொன்னார். அன்று அது எங்கள் மூவருக்கும் தெரியாது.

மாலையில் பாய் வந்து, மடங்கிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நூல் புட்ச்சி பாத்தேனே. நேராத்தான இருந்துச்சு."

தம்பி கைவண்டியின் கயிற்றைச் சுற்றி வைத்தான்.

"இன்னொரு தபா காய்ச்சிப் பாக்கலாம், நைனா. இந்தத் தபா நல்லா காய்ச்சறேன்."

தம்பி என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பாய் மணல் அள்ளப் போனார்.