டீச்சர் நடித்த மேனேஜர்

என் மனைவி இறந்த பிறகு, பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அறையின் சாவி என்னிடம் தங்கிவிட்டது. அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதற்காகவே ஒரு சனிக்கிழமை காலை அங்கே போனேன்.

அவள் ஓய்வு பெற்ற ஆசிரியை. வேலையிடத்திலும் வீட்டிலும் தமக்காகப் பேசிப் பழகாத பெண்களுக்கு அந்த அறையில் வகுப்பு நடத்திவந்தாள். ‘தன்னைத் தானே வழிநடத்தும் பயிற்சி’ என்று வெண்பலகையில் எழுதுவாளாம். வருகிறவர்கள் அதைக் ‘கிளாஸ்’ என்றார்கள். முடியும்வரை நான் கீழே காரில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன். படியேறிப் பார்த்ததில்லை.

அன்று படிக்கட்டில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கிள்ளானிலிருந்து ரயிலில் வரும் ஓர் அம்மாள், பள்ளிக் கேண்டீனில் சமைப்பவர், எழுந்து வழிவிட்டார்.

“டீச்சர் இல்லன்னாலும் நாங்க வந்துகிட்டுதான் இருக்கோம் சார். கதவுதான் திறக்க மாட்டேங்குது.”

திறந்தேன்.

அன்றைய அவசரம் வேறொருத்தியுடையது. செந்தூல் பிளாட்டில் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள். ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரவு நேரத் துப்புரவுப் பணியாளர். அங்கே காலை ஷிஃப்ட் சூப்பர்வைசர் இடம் காலியாகியிருந்தது. திங்கட்கிழமை மேனேஜரைப் பார்த்து அவளே கேட்க வேண்டும். கிடைத்தால் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் தூங்கவைக்க வேண்டியதில்லை.

“முந்தி ஒரு தடவ போனேன் சார். அவரு போனையே பாத்துகிட்டிருந்தாரு. ‘சோரி பாஸ், அப்புறம் வரேன்’னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“டீச்சர்தான் மேனேஜரா நடிப்பாங்க,” என்றார் கேண்டீன் அம்மாள். “இன்னிக்கு நீங்க நடிங்க.”

எனக்கு நடிக்க வராது என்றேன்.

“இங்க யாரும் ‘வராது’ன்னு சொல்லக் கூடாது சார். டீச்சர் ரூல்ஸ்.”

பல்கலைக்கழகத்தில் எத்தனையோ நேர்முகத் தேர்வுகளில் கேள்வி கேட்க உட்கார்ந்தவன் என்ற தைரியத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“வணக்கம், அமருங்கள். இந்தப் பொறுப்புக்கு உங்களை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை விளக்க முடியுமா?”

அறை சிரித்தது.

“எந்த மேனேஜர் சார் கிளீனருக்கு வணக்கம் சொல்றாரு? ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு லா.”

பிறகு டீச்சர் எப்படிச் செய்வார் என்று ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லத் தொடங்கினார்கள். காலை நீட்டிச் சாய்ந்துகொள்வாராம். கோப்பால் விசிறிக்கொள்வாராம். போனைவிட்டுக் கண்ணை எடுக்காமலே, “நாளைக்கு வா லா, பிஸியா இருக்கேன்” என்பாராம். நடுவே வாய் நிறையக் கொட்டாவி வேறு. வீட்டில் பூனையைக்கூட ‘வாங்க’ என்று அழைத்தவள் அவள். எனக்கு அறிமுகமில்லாத ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தது. இன்னும் சொல்லுங்கள் என்றேன். வேடத்தைச் செம்மைப்படுத்தத்தான் கேட்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மறுபடியும் தொடங்கினோம். காலை நீட்டினேன். கொட்டாவி விட்டேன்.

“பல்லு வலிக்குதா சார்?” என்றார் கேண்டீன் அம்மாள்.

கைபேசியை எடுத்தேன். பார்க்க எதுவும் இல்லாததால் என் மனைவியின் பழைய செய்திகளைத் திறந்தேன். சனிக்கிழமைதோறும் அதே இரண்டு வரிகள். ‘கீழே இருக்கிறேன்’ என்பது என்னுடையது. ‘பத்தே நிமிஷம்’ என்பது அவளுடையது. மேலே தள்ளத் தள்ள அவையே வந்துகொண்டிருந்தன. நான் மேனேஜர் என்பது சற்று நேரம் நினைவில் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் இருந்தவள் நாற்காலியின் நுனியை விட்டு, முதுகு படிய உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவில்லை. என் கண்கள் தன்மேல் வரும்வரை காத்திருந்திருக்கிறாள்.

“பாத்து முடிச்சிட்டீங்களா பாஸ்? இப்ப நான் சொல்றேன்.”

சொன்னாள். யாராவது வராத நாள்களில் மற்ற மாடிகளையும் தானே ஆள் பிரித்துச் சமாளித்ததைச் சொன்னாள். அந்த வேலை தனக்கு வேண்டும் என்றாள். ‘சோரி’ எங்கும் வரவில்லை. நான் நாளைக்கு வரச் சொல்லியிருக்க வேண்டும். சரி, தருகிறோம் என்றுவிட்டேன்.

“இவ்வளவு ஈசியா குடுத்தா எப்படி சார்? டீச்சர் லேசுல குடுக்கவே மாட்டாங்க.”

ஆகவே மீண்டும் முதலிலிருந்து. மதியத்துக்குள் நான் ஓரளவு சகிக்கத்தக்க கொடியவனாகிவிட்டேன். சாவியைக் கடைக்காரரிடம் கொடுக்க நேரமில்லாமல் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை அவள் கறிபாப் பலகாரப் பொட்டலத்தோடு படியேறி வந்தாள்.

“போனைத்தான் பாத்தாரு. நான் நல்லா சாஞ்சு உக்காந்துகிட்டேன். அப்புறம் அவரே தலையத் தூக்கி ‘என்ன?’ன்னாரு. சொன்னேன். மூணு மாசம் டிரையலாம். நாளன்னிக்கு காலை ஷிஃப்ட்.”

“பயமா இல்லையா?” என்றார் கேண்டீன் அம்மாள்.

“சாரைப் பாத்த பிறகா? அந்த அளவுக்கு மேனேஜரு மோசம் இல்லக்கா.”

எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதை உயர்வாகவே வைத்திருக்கிறேன். கறிபாப் தீர்ந்ததும் கேண்டீன் அம்மாள் நாற்காலியை என் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“இன்னிக்கு நீங்க எங்க வீட்டு ஓனர் சார். கூரை ஒழுகுது, ஆறு மாசமா வந்து பாக்க மாட்டேங்குறாரு.”

சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

“டீச்சர் இதை எப்படிச் செய்வாங்க?” என்று கேட்டேன்.